பெயரைப் பறிகொடுத்த கவிஞர்

ரோமக் கவிஞர் கோர்னீலியஸ் காலஸை அவர் காலத்துக் கவிஞர்கள் பெரிதும் மதித்தனர். வேர்ஜில் தமது பத்தாவது ஆயர் பாடலை அவருடைய காதல் துயருக்கே ஒதுக்கினார். ஆனால் காலஸின் நான்கு நூல்களும் அழிந்தன. மறுமலர்ச்சிக் கால அறிஞர்கள் கையில் எஞ்சியிருந்தது ஒரேயோர் அடி. அந்த வெற்றிடம் அவர்களை உறுத்தியிருக்க வேண்டும்.

1502இல் வெனிஸில், போம்போனியோ கௌரிக்கோ என்னும் இருபது வயதளவான இளைஞர் காலஸின் கவிதைகள் என்று சிலவற்றை அச்சேற்றினார். உண்மையில் அவை கி.பி. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த மாக்ஸிமியானுஸ் எழுதியவை. மத்திய காலப் பள்ளிகளில் பாடமாக இருந்தவை. பள்ளிப் பையன்கள் அறிந்திருந்த பெயரைப் பண்டிதர்கள் தொலைத்தார்கள்! கவிஞர் தம் பெயரைச் சொல்லும் ஈரடியைக் கௌரிக்கோ நீக்கிவிட்டார். எனவே இதை வெறும் கவனப்பிசகு என்று கொள்வதற்கில்லை.

எனக்கு வியப்பளிப்பவர் கௌரிக்கோ அல்லர், அவரை நம்பியவர்களே. இக்கவிதைகளின் உயிர் முதுமைப் புலம்பல். தளர்ந்த உடலையும் அதன் இயலாமையையும் இவ்வளவு கூச்சமின்றிப் பாடியவர்கள் இலத்தீனில் அரிது. காலஸோ எகிப்தின் முதல் ரோம ஆளுநராகி, அகஸ்டஸின் சினத்துக்கு ஆளாகி, கி.மு. 26 அளவில் நாற்பதுகளிலேயே தற்கொலை செய்துகொண்டவர். மூன்றாம் கவிதையில் ஆலோசனை சொல்ல வரும் போயிதியஸ் அவருக்கு ஐந்நூறு ஆண்டுகள் பிந்தியவர். இத்தனைக்கும் மேலாக ஒரு பெயர் போதுமாயிருந்தது: இரண்டாம் கவிதையின் லிக்கோரிஸ். காலஸின் காதலிக்கும் அதுவே பெயர். முன்னோடிக்குச் செய்த மரியாதையாக மாக்ஸிமியானுஸ் அப்பெயரை எடுத்திருக்கலாம். அதுவே அவரை விழுங்கிவிட்டது.

பேரறிஞர் ஸ்காலிஜரும் இத்தகைய வலையில் விழுந்தவர்தான். நண்பர் மியூரே தாம் எழுதிய அடிகளைப் பழைய நாடகாசிரியர் திரபேயாவினுடையவை என்று காட்ட, 1573இல் வெளிவந்த வார்ரோ பதிப்பின் குறிப்புகளில் அவற்றைச் சேர்த்துவிட்டார். பின்னர் உண்மை தெரிந்து மியூரேமீது வசை பாடினார். அது விளையாட்டு, அதனால் எந்தக் கவிஞரும் பெயரிழக்கவில்லை.

1978இல் எகிப்தின் கஸ்ர் இப்ரீமில் கிடைத்த பப்பிரசுத் துண்டொன்றில் காலஸின் அடிகள் ஏறக்குறைய ஒன்பது வெளிப்பட்டன. லிக்கோரிஸ் அங்கே இருக்கிறாள், சீசரின் வெற்றி இருக்கிறது, முதுமை இல்லை. மாக்ஸிமியானுஸோ 18ஆம் நூற்றாண்டிலும் திபுல்லஸுக்குப் பக்கத்தில் காலஸாகவே அச்சாகிக்கொண்டிருந்தார்.