கேட்பவளின் நேரம்

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கியது. அதன் நிகழ்ச்சி நிரலை அச்சிட்டு வந்த 'வானொலி' இதழின் பழைய பிரதியை இன்று புரட்டுபவருக்கு அது வெறும் கால அட்டவணையாகத் தெரியலாம். காலையில் மங்கள இசை, பக்திப் பாடல், செய்தி, கர்நாடக சங்கீதம், பகலில் மகளிர் நிகழ்ச்சி, மாலையில் உழவர்களுக்கு, இரவில் உரை, கச்சேரி. சேப்பாக்கத்தில் ஆட்டம் இருந்தால் நாள் முழுக்க வர்ணனை. ஆனால் எந்த அட்டவணையும் ஒரு கேட்பவரைக் கற்பனை செய்துகொண்டுதான் எழுதப்படுகிறது. அவர் உட்கார்ந்து கேட்கிறாரா, வேலை செய்துகொண்டே கேட்கிறாரா என்று நாம் கேட்டுப் பார்க்கலாம்.

முதலில் இசை. பெண் குரலுக்கு வானொலி இடம் கொடுத்தது என்பதில் சந்தேகமில்லை. பெண்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க மறுத்த பெரிய வித்வான்கள் இருந்த காலம் அது. நிலைய வித்வான்களோ சம்பளத்துக்கு வாசித்தவர்கள். நிரலில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு வாசிப்பது அவர்கள் வேலை. பிராமணப் பெண்கள் மேடையேறிப் பாடுவது பேச்சுக்கு இடமாக இருந்த நாட்களிலேயே டி.கே. பட்டம்மாளின் குரல் வானொலி வழியாக வீடுகளுக்குள் போய்விட்டது. சபாவில் போய் உட்கார முடியாத பெண்கள் ராக ஆலாபனையை அம்மியருகே கேட்டார்கள். இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அந்த இடத்துக்கு நிபந்தனை இருந்தது. 1946-ல் இடைக்கால அரசில் தகவல், ஒலிபரப்புத் துறையைக் கவனித்த வல்லபாய் பட்டேல், சொந்த வாழ்க்கையில் அவப்பெயர் எடுத்தவர்களை வானொலியில் பாட அனுமதிக்கக் கூடாது என்று முடிவெடுத்தார். அதன் சொற்களில் ஆண், பெண் என்ற பேதம் இல்லை. அடி விழுந்தது பெரும்பாலும் வட இந்தியத் தவாயிஃப் மரபுப் பெண்கள் மீது. ஹிந்துஸ்தானி இசையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துக் கொடுத்தவர்களின் வாரிசுகள், வாசலிலேயே நடத்தைச் சான்றிதழ் கேட்கப்பட்டார்கள். 1952-ல் அமைச்சரான பி.வி. கேஸ்கர் காலத்தில் குரல் தேர்வும் கிரேடு முறையும் இறுக்கமாயின. அதைத் தரத்துக்கான ஏற்பாடு என்று மட்டும் எழுதுகிற இசை வரலாறுகள் எனக்கு அலுப்பூட்டுகின்றன. யாருடைய பாட்டு 'சாஸ்திரீயம்', யாருடையது 'கேளிக்கை' என்ற தீர்ப்பும் அந்த ஒலிப்பதிவு அறைக்குள்தான் எழுதப்பட்டது.

தென்னிந்தியாவிலும் இந்த மாற்றம் வேறு வழியில் நடந்தது. அமாண்டா வைட்மன் கர்நாடக இசை பற்றிய தம் நூலில், மரியாதைக்குரிய பெண் குரல் என்ற கருத்தே 20-ஆம் நூற்றாண்டில் உருவானது என்று காட்டுகிறார். மைக்கும் இசைத்தட்டும் குரலை உடலிலிருந்து பிரித்தன. வானொலியில் பாடுபவளின் கை அசைவையோ முகத்தையோ யாரும் பார்ப்பதில்லை. நடுத்தர வர்க்கக் குடும்பங்களுக்கு அந்த மறைவு வசதியாக இருந்தது.

உரைகளுக்கு வந்தால் கணக்கு இன்னும் வெளிப்படையானது. பொருளாதாரம், அறிவியல், இலக்கியம் பற்றிய இரவு உரைகளில் ஆண்களே அதிகம். பெண்கள் பேசியது பெரும்பாலும் பகலில், பெண்களிடம்: பிள்ளை வளர்ப்பு, சமையல் குறிப்பு, கைவேலை. இதை வைத்து மகளிர் நிகழ்ச்சியைக் கேலி செய்வது நம்மிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. நான் அதில் சேரமாட்டேன். பிரதி எழுதி, ஒத்திகை பார்த்து, தன் பெயருக்கு ஒப்பந்தமும் காசோலையும் வாங்கிய பெண்களுக்கு அது முதல் பொதுவெளியாக இருந்திருக்கிறது. டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயண்சாமியோ பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில் பேசவில்லை. பிரதமர் மரணத்தையும் பட்ஜெட்டையும் வீடு முழுவதும் அவர் குரலில்தான் கேட்டது. ஒரு பெண் சொன்னால் நம்பலாமா என்று யாரும் ரேடியோவை அணைக்கவில்லை.

இனி விளையாட்டு. 1982 ஜனவரி 14, பொங்கல். சேப்பாக்கத்தில் இங்கிலாந்துடன் டெஸ்டின் இரண்டாம் நாள். விஸ்வநாத்தும் யஷ்பால் சர்மாவும் அன்று முழுவதும் ஆட்டமிழக்காமல் ஆடினார்கள். விஸ்வநாத் அந்த இன்னிங்ஸில் 222 எடுத்தார். கிரிக்கெட் பற்றிய நினைவுக் கட்டுரைகளில் பொங்கல் டெஸ்ட் என்ற சொல் இனிப்போடு வருகிறது. அன்று காலையிலிருந்து பானை வைத்து, படையல் போட்டு, பந்தி பரிமாறி, பாத்திரம் கழுவியவர்கள் அந்தக் கட்டுரைகளில் இல்லை. ஒரு விக்கெட்கூட விழாத நாளை முழுதாக உட்கார்ந்து கேட்க, வேறு யாரோ முழு நாளும் நிற்க வேண்டியிருந்தது. ஸ்கோர் என்ன என்று அடுக்களையிலிருந்து கேட்டவளுக்கு ஆட்டம் புரியாது என்று சிரித்தவர்களும் உண்டு. அவளுக்கு ஆட்டம் புரியும்; இடையில் எத்தனை ஓவர் போயிற்று என்பதுதான் தெரியாது.

வர்ணனைப் பெட்டிக்குள்ளும் இதே கதைதான். சி.கே. நாயுடுவின் மகள் சந்திரா நாயுடு 1977-ல் இந்தூரில் பம்பாய்க்கும் எம்.சி.சி.க்கும் நடந்த ஆட்டத்தை வர்ணித்தார். தமிழ் வர்ணனை என்றதும் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் அழகான தமிழ் பலருக்கு நினைவு வரும். பெண் பெயர் ஒன்றைச் சொல்லச் சொன்னால் தயங்குவார்கள். இத்தனைக்கும் இந்தியப் பெண்கள் அணி தன் முதல் டெஸ்டை 1976-லேயே ஆடிவிட்டது.

ஐந்து மணிக்கு ஆட்டம் முடிந்து டிரான்சிஸ்டர் அடுக்களைக்குத் திரும்பும். பெரும்பாலும் பேட்டரி தளர்ந்திருக்கும். வெயிலில் வைத்து எடுத்தால் இரவுக் கச்சேரியில் பாதியாவது கேட்கலாம்.