வால் முளைக்கும் முன்னே அறிமுக ஆட்டம்

கொண்டைக்குருவிக் குஞ்சின் முதல் ஆட்டத்துக்குப் பறத்தலை வைத்து மதிப்பெண் போட்டால் முட்டைதான் கிடைக்கும். செம்பருத்திப் புதரில் இருக்கும் கூட்டின் விளிம்பில் ஏறி நிற்கிறது. கொண்டை சரியாக எழவில்லை, வாலடிச் சிவப்பு வெளிறிக் கிடக்கிறது, வாலோ வெறும் குட்டை. இறக்கையைப் படபடவென்று அடிக்கிறது, அப்படியே சரிகிறது. ஒரு முழம் தள்ளியிருக்கும் கிளையைக் கால் கவ்வுகிறது. உடம்பு முன்னால் கவிழ்ந்து தலைகீழாகத் தொங்கி, மறுபடி தத்தளித்து மேலே வந்து உட்காருகிறது.

பார்க்கிறவர்கள் "விழுந்துடுச்சு, பாவம்!" என்பார்கள். நான் அந்தக் காலைத்தான் பார்ப்பேன். இந்த வயதில் தேறிய உறுப்பு காலும் அதன் பிடியும்தான்; இறக்கைக்கு இன்னும் நாள் இருக்கிறது. முட்டை பொரிந்து சுமார் 12 நாள்தான் ஆகிறது.

பிறகு ஏன் இந்த அவசரம்? திறந்த கிண்ணம் மாதிரியான கூட்டில் இரண்டு மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்துகின்றன. காகமோ செம்போத்தோ பூனையோ ஒருமுறை பார்த்துவிட்டால் மொத்த அணியும் ஆல் அவுட். ஆளுக்கொரு புதரில் பிரிந்து பதுங்கினால் ஒன்றாவது மிஞ்சும். பொந்தில் வளரும் பச்சைக்கிளிக்கு இந்த நெருக்கடி குறைவு. ஆறேழு வாரம் உள்ளேயே இருந்து, இறகு முற்றிய பிறகே வெளியே வரும்.

இந்தத் தேர்வுக் கொள்கையை மொன்டானா பல்கலைக்கழகத்தின் தாமஸ் மார்ட்டின் குழு கேமராவும் கையுமாக அலசி, 2018-ல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் எழுதியது. கூட்டில் ஆபத்து அதிகமுள்ள இனங்களின் குஞ்சுகள் இறக்கை வளராமலே சீக்கிரம் வெளியேறுகின்றன, மோசமாகப் பறக்கின்றன, வெளியே வந்ததும் அதிகம் சாகின்றன. ஒரு இனத்துக் குஞ்சுகளைக் கூண்டமைத்துச் சில நாள் கூடுதலாக நிறுத்திவைத்தபோது அவை நன்றாகவே பிழைத்தன. ஆக, தாமதித்தால் குஞ்சுக்கு லாபம். பெற்றோருக்கு? 2020-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் 18 இனப் பாடும் பறவைகளை ஒப்பிட்டார்கள். 12 இனங்களில் கூட்டைவிட்ட பின் குஞ்சு உயிரோடிருக்கும் வாய்ப்பு குறைந்தது. ஆனாலும் ஒரு குஞ்சையாவது கரைசேர்க்கும் வாய்ப்பு பெற்றோருக்குக் கூடியது. பயிற்சியாளருக்குத் தொடரை வெல்ல வேண்டும். வீரருக்குத் தன் விக்கெட் முக்கியம். இரண்டும் ஒன்றல்ல.

அந்தப் பயிற்சியாளரின் தந்திரத்தை நேரில் பார்க்க வேண்டும். அலகில் பச்சைப் புழுவோடு தாய் வரும். ஆனால் கூட்டுக்கு வராது. எதிர்க் கிளையில் உட்கார்ந்து கூப்பிடும். குஞ்சு கழுத்தை நீட்டும், கத்தும், ஓர் அங்குலம் நகரும். தாயும் ஓர் அங்குலம் பின்வாங்கும். கல்நெஞ்சம் என்று திட்டாதீர்கள், கீழே இறங்கியபின் தேடித் தேடி ஊட்டப்போவதும் அதே தாய்தான்.

இந்த ஆட்டத்தில் பெரும்பாலான ஃபவுல்கள் நம்முடையவை. தரையில் தத்தும் குஞ்சைத் தூக்கி அட்டைப்பெட்டியில் போட்டுப் பாலும் சோறும் ஊட்டுவதற்குப் பெயர் காப்பாற்றுவதல்ல, ஆள்கடத்தல். இறகு மூடிய குஞ்சென்றால் பக்கத்துப் புதரில் விட்டுவிட்டு, பூனையை வீட்டுக்குள் அடைத்துவிட்டு ஒதுங்குங்கள். இறகே இல்லாத குஞ்சென்றால் கூட்டிலேயே திருப்பி வையுங்கள். மனிதக் கை பட்ட வாடைக்குத் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை.

இரண்டாவது குஞ்சு இறங்க மணிக்கணக்கில் ஆகலாம், மறுநாளும் ஆகலாம். இவற்றில் எது தேறும் என்று பந்தயம் கட்டச் சொன்னால், அதிக தூரம் பறந்ததன்மேல் என் பணத்தைப் போடமாட்டேன். கிளையை இறுகப் பிடித்து, காகம் தாண்டிப்போகும்வரை வாயைத் திறக்காமல் இருந்ததே, அதன்மேல் போடுவேன்.