சீறத் தெரிந்த வால்வு

பழைய நெம்புகோல் எஸ்பிரஸோ மெஷினை யாராவது பெருமையோடு காட்டினால், எல்லாருடைய கண்ணும் அந்த நீண்ட கைப்பிடிக்குத்தான் போகும். என் கண் முதலில் தேடுவது பாய்லரின் பாதுகாப்பு வால்வை. கட்டைவிரல் பருமன்கூட இருக்காது. உள்ளே ஒரு ஸ்பிரிங், அது அழுத்திப் பிடிக்கும் ஓர் அடைப்பு, அவ்வளவுதான். அந்த மெஷினில் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு அதுவே.

பினாங்கு கடைத்தெருவில் காப்பி என்றால் இன்றும் துணிப்பையில் வடியும் கோப்பிதான். அதன் ருசியை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் ஆர்மீனியன் தெருப் பக்கம் பழைய கடைவீடுகள் காப்பிக்கடைகளாக மாறியபின், நெம்புகோல் மெஷின்மேல் ஆசை கொண்ட ஒரு கூட்டம் ஜார்ஜ்டவுனில் உருவாகிவிட்டது. பழைய மெஷினை வாங்கி, பிரித்து, தங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்கிறார்கள். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த எஸ்பிரஸோ மெஷின்களில் நீராவியே தண்ணீரைக் காப்பித்தூளின் வழியே தள்ளியது. அழுத்தம் ஒன்றரை பார் அளவில் நின்றுவிடும். காப்பியில் தீய்ந்த வாடை இருக்கும். மிலான்காரர் அக்கிலே காஜியா 1940களின் பிற்பகுதியில் இதை மாற்றினார். தள்ளும் வேலையை ஸ்பிரிங் பிஸ்டனிடம் கொடுத்தார். தூளின்மேல் எட்டு, ஒன்பது பார் விழ, பாய்லரில் ஒரு பார் இருந்தாலே போதும் என்றாயிற்று. காப்பியின் மேல் பொன்னிற நுரை படர்ந்தது அதன்பின்தான். 1961இல் லா பவோனி நிறுவனம் கொண்டுவந்த யூரோபிக்கோலா மெஷினில் ஸ்பிரிங்கும் இல்லை. நம் கையே அழுத்தம் கொடுக்கும்.

ஒரு பார் என்பது நம் வீட்டுக் குக்கரின் வெயிட் தாங்கிப் பிடிக்கும் அழுத்தம்தான். குக்கர் மூடியை ஆவி அடங்காமல் யாரும் திறப்பதில்லை. மெஷினின் மூடியிலோ அந்தப் பயம் வருவதில்லை. தண்ணீர் தீர்ந்துவிட்டதென்று சூட்டோடு திருகிவிடுகிறார்கள். உள்ளே தண்ணீர் 120 டிகிரியில் இருக்கிறது. அழுத்தம் சட்டென்று விலகினால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய நாற்பது கிராம் அக்கணமே ஆவியாகிவிடும். அந்த ஆவிக்கு அறுபது லிட்டருக்கு மேல் இடம் வேண்டும். எஞ்சிய கொதிநீரையும் அதுவே வாரி இறைக்கும்.

தொடக்ககால யூரோபிக்கோலாவில் அழுத்தத்தைப் பார்த்து மின்சாரத்தை நிறுத்தும் பிரஷர்ஸ்டாட் கிடையாது. அதிகம், குறைவு என்று இரண்டு நிலை கொண்ட சுவிட்சு மட்டுமே. அதிகத்தில் வைத்துக் காத்திருப்போம். வால்வின் ஓரத்தில் முதலில் ஒரு துளி நீர் முத்தாகத் திரளும். பிறகு மெல்லிய சீறல். சீறல் நிலைத்ததும் சுவிட்சைக் குறைவுக்குத் தட்டிவிட வேண்டும். வால்வே அங்கே காவல்காரர், அதுவே மணியடிப்பவரும்.

ருசிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. பாய்லர் அழுத்தம் ஏற ஏற, தண்ணீரும், காப்பி இறங்கும் தலைப்பகுதியும் சூடேறிக் காப்பி கசந்துபோகும். 0.8 பாரில் தண்ணீரின் சூடு 117 டிகிரி. ருசியறிந்தவர்கள் அந்த அளவில்தான் நிற்பார்கள். ஆகவே, பாய்லரை முறுக்கிவிடுகிறவர் ஆபத்தோடு மட்டமான காப்பியையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார்.

மாற்றி அமைப்பதை நான் குறை சொல்லவில்லை. அழுத்தம் காட்டும் கேஜ் வைக்கலாம், பிரஷர்ஸ்டாட் சேர்க்கலாம், வெப்பத்தைக் கணக்காகக் காக்கும் மின்னணுக் கருவியும் பொருத்தலாம். ஆனால் அந்தக் கருவி ஏவும் ரிலே பழுதானால், பெரும்பாலும் மின்சாரம் ஓடும் நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். அப்போது காப்பாற்ற, மின்சாரத்தை நம்பாத வால்வும் தனியாக ஒரு வெப்பத் துண்டிப்பானும் இருந்தாக வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த 110 வோல்ட் மெஷினை நம் ஊர் மின்சாரத்தில் நேரே செருகினால், சூடேற்றும் எலிமெண்ட் நான்கு மடங்குக்கும் மேல் சக்தி இழுக்கும். பாய்லர் மூட்டில் கசிவென்றால் வெள்ளிப் பற்றவைப்புதான் வேண்டும். ரேடியோ கடை ஈயப்பற்று அந்தச் சூட்டில் வலுவிழக்கும், குடிக்கும் தண்ணீரில் ஈயமும் கலக்கும்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரம் மூட்டுவது, சீறுகிறதே என்று வால்வை அடைப்பதும் அதற்கு விறைப்பான ஸ்பிரிங் போடுவதும்தான். அதைச் செய்தவர் கைவேலையில் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், அவரை நான் மெக்கானிக் என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டுக் கல்யாண மண்டப வாசலில் எஸ்பிரஸோ பாய்லரோடு நின்று பாலை நுரைக்க வைப்பவர்கூட, ஒரு கண்ணைக் கேஜில் வைத்தபடிதான் கோப்பையை நீட்டுவார்.

மலேசியாவில் நீராவிக் கொதிகலன்களுக்கும் அழுத்தக் கலன்களுக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கும் சட்டம் 1967இலேயே வந்துவிட்டது. 2024 ஜூனில் அச்சட்டம் நீக்கப்பட்டபின் அந்தப் பொறுப்பு 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்திருக்கிறது. கடை வைத்திருப்பவர்கள் அந்தச் சட்டத்தைக் கவனிக்கும் அரசுத் துறையிடம் தங்கள் மெஷினைப் பற்றி விசாரித்துக்கொள்வது நல்லது.

லோரோங் கூலிட் சந்தையிலோ வேறெங்கோ பழைய மெஷின் ஒன்று கண்ணில் பட்டால், தாராளமாக வாங்குங்கள். மின்சாரம் கொடுக்கும் முன் பாய்லரைத் தெரிந்தவரிடம் கொடுத்துத் தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்யுங்கள். காற்றடித்துச் சோதிக்க விடாதீர்கள். பழைய வால்வைக் கழற்றிவிட்டு, அந்த மாடலுக்கு உரிய அளவில் புதியதைப் போடுங்கள். முலாம் பூசுவதெல்லாம் அதற்கப்புறம் இருக்கட்டும்.