வேகமா ஓடுதா, விலை ஏறுதா?

"ஸ்மார்ட் மீட்டர் வேகமா ஓடுமாம், பில் எகிறுமாம்." அம்பத்தூர், ஆவடிப் பக்கம் பேச்செடுத்தாலே முதலில் இதுதான் வருகிறது. தி.நகரில் ஒரு லட்சத்துக்கும் மேல் மாட்டியாச்சு, அடுத்து நமக்குத்தான் என்ற பயம். அந்தப் பயம் தப்பான இடத்தைப் பார்க்கிறது என்றே எனக்குப் படுகிறது.

2022 செப்டம்பர் கட்டண ஆணையையே எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் நின்றால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு அப்போது 2.25 ரூபாய். 500ஐத் தாண்டினால் அதே நூறு யூனிட்டுக்கும் 4.50. அதாவது 225 ரூபாய் கூடுதல். ரீடிங் எடுக்கிறவர் நாலு நாள் தாமதமாக வந்தாலே இது நடந்துவிடும். நாள் தவறாமல் தானே ரீடிங் அனுப்பும் மீட்டர் இங்கே நமக்கு நல்லதுதான். திமுக 2021 தேர்தலில் சொன்ன மாதக் கணக்கெடுப்புக்கும் அது வழி செய்யும்.

அப்போ பயப்பட ஒன்றுமே இல்லையா? இருக்கு. மத்திய அரசு 2023இல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள், ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு நேரத்துக்கு ஒரு விலை என்கின்றன. உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் அதிகம். வெயில் நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் குறைவு. பகலெல்லாம் எஸ்டேட்டில் வேலை பார்த்து, ராத்திரி ஏழு மணிக்கு வந்து மிக்ஸியும் மோட்டாரும் போடுகிற குடும்பம், அதையெல்லாம் எப்படி வெயில் நேரத்துக்கு மாற்றும்?

மீட்டர் எண்ணத்தான் செய்யும். விலை வைப்பது ஒழுங்குமுறை ஆணையம். மாட்ட வருகிறவரோடு சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. ஆணையத்தின் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் போய்க் கேட்கணும்: மாதக் கணக்கு எப்போ, சாயங்கால விலை எவ்வளவு?