அச்சேறாமையும் தணிக்கையே: தங்கவயல் தரும் முன்மாதிரி

நூலொன்றை அரசு தடைசெய்வதே தணிக்கை எனக் கொள்வது பொதுவழக்கு. தமிழ்ப் பதிப்புலகை நோக்கின் இவ்வரையறை போதாமை புலனாகும். அயோத்திதாசப் பண்டிதர் 1914இல் மறைந்தபின் இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் அவர் பெயரைச் சுட்டாமலே எழுதப்பட்டன. அவர்தம் நூல்களை அச்சில் காத்தது கோலார் தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை. சுரங்கத் தொழிலாளரிடையே வேரூன்றிய சாக்கிய பௌத்த இயக்கத்தின் முயற்சி அது. 'தமிழன்' இதழும் 1926இல் ஜி. அப்பாத்துரையாரால் அங்கிருந்தே மீண்டும் நடத்தப்பெற்றது. பண்டிதரின் சிந்தனைகள் பாளையங்கோட்டையிலிருந்து பெருந்தொகுப்பாக வெளிவர 1999 வரை காத்திருக்க நேர்ந்தது. தடையாணை எதுவுமின்றியே ஒரு குரலை மறைக்க இயலும் என்பதற்கு இது சான்று.

தன்பால் விழைவோர், திருநங்கையர் பற்றிய எழுத்தையும் இவ்வளவுகோலால் அளத்தல் தகும். இஸ்மத் சுக்தாயின் உருதுச் சிறுகதை 'லிஹாஃப்' 1942இல் வெளிவந்து, லாகூர் நீதிமன்றம் வரை சென்றது. வழக்கில் ஆசிரியர் குற்றமற்றவராக விடுவிக்கப்பட்டார். வழக்கென்று ஒன்று இருந்தமையால் மறுமொழிக்கும் இடமிருந்தது. தமிழில் கரிச்சான் குஞ்சுவின் 'பசித்த மானிடம்' (1978) நீதிமன்றம் ஏறவில்லை. அதன் நாயகன் கணேசன் இளமையில் ஆடவர் உறவுக்கு ஆட்பட்டவன், பின்னர் தொழுநோயாளி. நாவலை நோயும் பசியும் பற்றியதாக மட்டும் வாசித்து, அவ்வுறவை ஒதுக்கிவிடுதல் திறனாய்வாளர்க்கு எளிதாயிற்று. பிரதியின் ஒரு பாதியைப் படியாமல் விடுவதும் தணிக்கையின் பாற்படும்.

திருநங்கையர் வாழ்வைப் பரிவோடு சொன்ன சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' வெகுசன வார இதழிலேயே தொடராக வந்தது. ஆனால் அது பிறர் எழுதியது. பெங்களூரில் 'சங்கமா' அமைப்பில் பணியாற்றிய ரேவதி தமிழில் எழுதிய தன்வரலாறோ, வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் முதலில் ஆங்கிலத்தில்தான் வந்தது (2010, பெங்குவின்). 'வெள்ளை மொழி' எனத் தமிழில் அடையாளம் பதிப்பகம் வெளியிட்டது அடுத்த ஆண்டில். மூலம் மொழிபெயர்ப்பின் பின்னே வந்த இவ்வரிசைமாற்றம் தற்செயல் எனத் தள்ளத்தக்கதன்று. எனினும், லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' 2007இலேயே நேரடியாகத் தமிழில் வந்துவிட்டமையால், கதவு முற்றும் அடைபட்டிருந்தது என்றும் கூறவியலாது. திறந்த கதவு குறுகியது. யாருக்கு, எப்போது திறக்கும் என்பது பதிப்பாளர் கையில் இருந்தது என்பதே பொருந்தும்.

ரேவதியின் நூல் து. சரஸ்வதியால் 'பதுகு பயலு' எனக் கன்னடத்திலும் பெயர்க்கப்பட்டு மேடையேறியது. தமிழையும் கன்னடத்தையும் ஒருங்கே புழங்கும் தங்கவயல் போன்ற ஊரின் வாசகர் இரு பிரதிகளையும் அருகருகே வைத்துப் படிக்கக்கூடியவர். அத்தகைய ஒப்பீட்டு வாசிப்பு திறனாய்வாளர் கருத்தில் கொள்ளத்தக்கது.

சுரங்கத் தொழிலாளர் தமக்கெனப் புத்தகசாலை கண்டதை ஒத்த முயற்சி பின்னர்ச் சென்னையில் எழுந்தது. 'குயர் சென்னை கிரானிக்கிள்ஸ்' குழுவினர் தாமே பதிப்பாளராகி, 2018இல் கிரீஷின் நூலை வெளியிட்டனர். அந்நூலின் பெயர் 'விடுபட்டவை'.