கிரீன்நோ: வீடு நிற்கிறது, மதில் எங்கே?

ஸ்காட்லாந்தின் தென்கிழக்கில், கார்டன் என்ற ஊரை ஒட்டி ஒரு மேட்டில் கூரையில்லாமல் நிற்கிறது கிரீன்நோ டவர். படம் பார்த்த நண்பர் ஒருவர் "செம கோட்டை" என்றார். கோட்டை இல்லைங்க, வீடு என்றேன். அவர் நம்பவில்லை. அந்தப் பேச்சுதான் இந்தக் குறிப்புக்குக் காரணம்.

(டவர் ஹவுஸ் என்பதைக் கோபுர வீடு என்று எழுதிப் பார்த்தேன். கோபுரம் என்றதும் நமக்குக் கோயில் வாசல்தான் கண்முன் வரும். அதனால் டவர் என்றே வைத்துக்கொள்கிறேன்.)

வாசல் மேல்கல்லில் 1581 என்ற ஆண்டு இருக்கிறது. கூடவே கட்டியவர் ஜேம்ஸ் சீட்டன், அவர் மனைவி ஜேன் எட்மன்ஸ்டன் இருவரின் குடும்பச் சின்னங்களும். அந்தக் காலத்து ஸ்காட்லாந்தில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்வது வழக்கம். அதனால் கல்லிலும் அவர் எட்மன்ஸ்டன்தான்.

உள்ளே கீழ்த்தளத்தில் வளைவுக் கூரை போட்ட சமையலறை, அதன் மேல் பெரிய கூடம், அதற்கும் மேலே படுக்கை அறைகள். மூலையில் சுழல் படிக்கட்டு. மேலே போகப் போக ஜன்னல்கள் தாராளமாக இருக்கின்றன. முற்றுகைக்குப் பயந்தவன் இப்படி ஜன்னல் வைக்கமாட்டான். ஆனால் வாசலில் "யெட்" என்கிற இரும்புக் கிராதிக் கதவு இன்னமும் இருக்கிறது. கம்பிகள் ஒன்றையொன்று துளைத்துப் போகும். ஒரு பாதியில் நெடுக்குக் கம்பி குறுக்குக் கம்பியைத் துளைக்கும், அடுத்த பாதியில் அப்படியே தலைகீழ். கழற்றிப் போடவே முடியாது.

இந்த மாதிரிக் கட்டடங்களை நாம் பார்க்கும் விதத்தைத் தீர்மானித்தவர்கள் மெக்கிப்பன், ராஸ் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள். 1887 முதல் 1892 வரை ஐந்து பெரிய தொகுதிகள் போட்டார்கள். நூற்றுக்கணக்கான கட்டடங்கள், ஒவ்வொன்றுக்கும் கையால் போட்ட வரைபடம். அந்த உழைப்பைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. இடிந்துபோன பல கட்டடங்களுக்கு இன்று அந்தப் பக்கங்கள்தான் சாட்சி.

ஆனா அவங்க முறையில ஒரு சிக்கல். தரைப்படத்தை எழுத்தாகப் பிரித்தார்கள்: கிரீன்நோ "எல்" வடிவம், வேறு சில "இசட்" வடிவம். நின்றுகொண்டிருக்கும் சுவரைத்தானே எழுத்தாக்க முடியும்? விழுந்துபோனது எந்த எழுத்திலும் வராது. நூறு வருஷம் கழித்து, 2001இல், சார்ல்ஸ் மெக்கீன் "தி ஸ்காட்டிஷ் ஷாட்டோ" என்ற புத்தகத்தில் இவையெல்லாம் கோட்டைகளே இல்லை, மறுமலர்ச்சிக் காலத்து நாட்டுப்புற மாளிகைகள் என்று வாதிட்டார். இவற்றைச் சுற்றி முற்றமும் தாழ்வான கட்டடங்களும் இருந்ததையும் எடுத்துச் சொன்னார். கிரீன்நோவின் ஜன்னல்களைப் பார்த்தால் அவர் பக்கம்தான் சாயத் தோன்றும். இருந்தாலும் அவர் கேட்கும் கேள்வியும் பிரபு எப்படி வாழ்ந்தார், எதை ரசித்தார் என்பதுதான். அங்கேதான் எனக்கு உறுத்துகிறது.

ஏன் என்று சொல்ல ஒரு சட்டத்தைக் காட்ட வேண்டும். 1535இல், ஐந்தாம் ஜேம்ஸ் காலத்தில், ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் போட்டது. நூறு பவுண்டு மதிப்புள்ள நிலம் வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவரும் கல்லும் சுண்ணாம்பும் வைத்து "பார்ம்கின்" கட்ட வேண்டும். பார்ம்கின் என்றால் மதில் சூழ்ந்த முற்றம்; மாட்டுப் பட்டி என்றாலும் தப்பில்லை. பக்கத்துக்கு 60 அடி, மதில் ஓர் எல் தடிமன், ஆறு எல் உயரம். ஓர் எல் என்பது 37 அங்குலம், ஆக உயரம் பதினெட்டரை அடி. பரப்பு 3600 சதுர அடி, நம் கணக்கில் ஒன்றரை கிரவுண்டு.

எதற்காம்? கலவர காலத்தில் அவனும், அவன் குடியானவர்களும், அவர்கள் உடைமைகளும் ஒதுங்குவதற்கு. டவர் பற்றிக் கடைசியில்தான் வருகிறது: தனக்குத் தேவை என்று அவனுக்குத் தோன்றினால் உள்ளே ஒன்று கட்டிக்கொள்ளலாம்.

அதாவது மதில் கட்டாயம், டவர் விருப்பம்! முதன்முறை படித்தபோது திரும்ப ஒரு தடவை படித்தேன். நாம் எல்லைப்புறப் பாதுகாப்பின் அடையாளமாகப் படம் எடுப்பது, சட்டம் "வேணும்னா கட்டிக்கோ" என்று விட்ட பகுதியை. எல்லோருக்குமான பகுதி புல்லாகிவிட்டது.

சட்டம் மதிலை வற்புறுத்தியதில் நியாயம் உண்டு. எல்லையின் இரு பக்கமும் குடும்பம் குடும்பமாக மாடு கவர்ந்த பகுதி இது. வந்தவனுக்கு வேண்டியது வீடு இல்லை, மாடு. கிரீன்நோவுக்குத் தெற்கே சில மைல் தூரத்தில் உள்ள ஸ்மெய்ல்ஹோம் டவரை 1540களில் ஆங்கிலப் படைகள் பலமுறை தாக்கி மாடுகளை ஓட்டிக்கொண்டு போயின. குடியானவனுக்கு மாடு போனால் அடுத்த வருஷ உழவு போச்சு. பிரபு மேல்மாடியில் பத்திரமாக இருந்து அவனுக்கு என்ன லாபம்?

1603இல் இரண்டு நாட்டுக்கும் ஒரே ராஜா வந்த பிறகு நிலைமை மாறியது. 1606இல் எல்லைப் பகுதியில் பெரிய பிரபுக்கள் அல்லாதவர்களின் வீடுகளிலிருந்து யெட்களைக் கழற்றி, ஏர்க்கொழுவாக அடிக்கச் சொல்லி அரசு ஆலோசனைச் சபை ஆணையிட்டது. மதில்கள் தேவையில்லாமல் போயின. கையெட்டும் உயரத்தில் அடுக்கிய கல் இருந்தால் விவசாயி விடுவாரா? வயல் வரப்புச் சுவருக்கோ தொழுவத்துக்கோ போகும். வளைவுக் கூரையோடு சுண்ணாம்பில் இறுகிப்போன டவரைப் பெயர்ப்பது அவ்வளவு சுலபமில்லை, அதனால் அது தப்பித்தது.

ஸ்மெய்ல்ஹோமை வால்டர் ஸ்காட் பிரபலமாக்கினார். சிறுவயதில் கால் நலமில்லாமல், பக்கத்திலேயே இருந்த தாத்தாவின் பண்ணையில் வளர்ந்தவர் அவர். பாறை மேல் தனித்து நிற்கும் டவர் என்ற சித்திரம் அவர் எழுத்தால் நிலைத்தது. ஆனால் அது தனித்து நிற்கவில்லை. 1980ஐ ஒட்டி அங்கே தோண்டிப் பார்த்தபோது மதிலுக்குள் இன்னொரு கூடமும் சமையலறையும் இருந்த அடித்தளங்கள் கிடைத்தன. இப்போது அவை முழங்கால் உயரத்துக்கும் கீழே, புல்லுக்கு நடுவில் கற்கோடுகளாக இருக்கின்றன. டவர் வாசலுக்குப் போகிறவர்கள் அவற்றைத் தாண்டித்தான் போகிறார்கள்.