யார் கேட்டால் குறும்படம்?

பென்னாகரம் பக்கத்தில் 'நூறு நாள்' என்றால் இரண்டு அர்த்தம். பகலில் சொன்னால் ஏரி வேலை. ராத்திரி சொன்னால் பிக் பாஸ். பல வீடுகளில் இரண்டுக்கும் ஆள் ஒன்றுதான். காலையில் மண்வெட்டியும் சட்டியுமாகக் கிளம்பிப் போகிற அதே அக்கா, ராத்திரி சாப்பாட்டுத் தட்டோடு டி.வி. முன்னால் உட்கார்ந்து, "இந்த வாரம் இவளத்தான் அனுப்புவாங்க, பாரேன்" என்று தீர்ப்பு சொல்கிறார். பெரும்பாலும் சரியாகவும் சொல்லிவிடுகிறார்.

2025 நவம்பர் கடைசியில் மூன்றாவதாக ஒன்று வந்து சேர்ந்தது. சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி. முதல்முறையாக 24 நாடுகள். ரிமோட் யார் கையில் என்பதைப் பொறுத்து, ஒரே டி.வி.யில் ஹாக்கியும் பிக் பாஸும் மாறி மாறி ஓடின.

இந்த மூன்றுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். நான் படித்தது பி.காம். பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. கல்யாணத்துக்குப் போனாலும் சரி, கருமாதிக்குப் போனாலும் சரி, 'இதற்கு வவுச்சர் எங்கே?' என்று மனசு கேட்கும். அந்த வியாதியோடு இந்த மூன்றையும் பார்த்ததில் தோன்றியதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஹாக்கி. காலிறுதியில் இந்தியாவும் பெல்ஜியமும் 2-2 என்று நின்றன. ஷூட்-அவுட். நம் கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் தடுத்துக்கொடுக்க, 4-3 என்று பிழைத்தோம். அரையிறுதியில் ஜெர்மனி நம்மை 5-1 என்று துவைத்து எடுத்தது. டிசம்பர் 10-ம் தேதி வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கி, கடைசிக் கால் பகுதியில் நாலு கோல் போட்டு 4-2 என்று ஜெயித்தோம். பயிற்சியாளர் ஸ்ரீஜேஷ். அதே நாள் இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியும் ஸ்பெயினும் 1-1. மறுபடியும் ஷூட்-அவுட். ஜெர்மனிக்குக் கோப்பை.

ஷூட்-அவுட் பார்த்திருக்கிறீர்களா? 23 மீட்டர் கோட்டிலிருந்து ஒருவர் பந்தோடு ஓடி வருவார். எதிரே கோல்கீப்பர் மட்டும். எட்டு விநாடி. அதற்குள் போட்டால் கோல், போடாவிட்டால் இல்லை. எட்டு விநாடியில் 'ட்விஸ்ட்' வைக்கிற டைரக்டர் இன்னும் பிறக்கவில்லை. ஜெயித்தவர் ஏன் ஜெயித்தார், தோற்றவர் ஏன் தோற்றார் என்பதற்கு வவுச்சர் அங்கேயே, நம் கண் முன்னாலேயே இருக்கிறது.

எனக்கு ஹாக்கியில் இதைவிடப் பிடித்தது ரெஃபரல். சர்வதேச ஆட்டங்களில் பல வருஷங்களாக இருக்கிற ஏற்பாடு. கோல், பெனால்ட்டி கார்னர் மாதிரி விஷயங்களில் நடுவர் சொன்னது தப்பு என்று தோன்றினால், கைகளை 'டி' எழுத்து மாதிரி காட்டி வீடியோவைப் பார்க்கச் சொல்லலாம். கேப்டன்தான் கேட்க வேண்டும் என்றில்லை, களத்தில் இருக்கிற யாரும் கேட்கலாம். ஆனால் அணிக்கு ஒரு தடவைதான். கேட்டது சரியென்றால் அந்த உரிமை கையிலேயே இருக்கும். தப்பென்றால் போச்சு. வீடியோ நடுவர் எந்தக் கோணத்தைப் பார்க்கிறார், என்ன சொல்கிறார் என்பது டி.வி.யில் நமக்கும் கேட்கிறது.

இதில் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். கேட்பது பாதிக்கப்பட்டவர். பார்த்துச் சொல்வது மூன்றாம் ஆள். வீண் சந்தேகத்துக்கு விலை உண்டு. தணிக்கை என்றால் என்ன என்று கல்லூரியில் மூன்று வருஷம் நடத்தியதை ஹாக்கிக்காரர்கள் ஒரு சைகையில் முடித்துவிட்டார்கள்.

இப்போது பிக் பாஸுக்கு வருவோம். 2017 ஜூன் 25-ம் தேதி விஜய் டி.வி.யில் கமல்ஹாசன் தொடங்கிவைத்த நிகழ்ச்சி. 2024 அக்டோபரில் விஜய் சேதுபதி கைக்கு மாறியது. மூலம் நெதர்லாந்து, 1999. அங்கே அதற்குப் பெயர் 'பிக் பிரதர்'. அந்தப் பெயர் ஜார்ஜ் ஆர்வெல் 1949-ல் வெளியிட்ட நாவலிலிருந்து எடுத்தது. ஆர்வெல் நம்மைப் பயமுறுத்துவதற்காக எழுதினார். நாம் அதற்கு ஸ்பான்சர் பிடித்துவிட்டோம்.

இதைத் திட்டுவது சுலபம். திட்டிவிட்டு ராத்திரி பார்ப்பது அதைவிடச் சுலபம். நான் அந்தக் கோஷ்டியில் சேரப் போவதில்லை. இந்த நிகழ்ச்சி செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். சமையல் அணி, பாத்திரம் கழுவும் அணி, கழிவறை சுத்தம் செய்யும் அணி என்று வீட்டு வேலையைப் பிரித்துக் கொடுத்து, ஆண்களையும் கழிவறை கழுவவைத்து, அதைக் கோடிக்கணக்கான பேர் பார்க்கவும் வைத்தார்கள். சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டு எழுந்து போகிற ஆண்கள் நிறைந்த நம் வீடுகளில், 'அவனும்தான் கழுவறான்' என்று பெண்கள் கை நீட்டிச் சொல்ல ஒரு ஆதாரம் கிடைத்தது. எந்த மெகா சீரியலும் செய்யாத வேலை இது.

என் புகார் வேறு. முதல் சீசனில் ஓவியா சம்பந்தப்பட்ட ஒரு தகராறில், ஜூலி சொன்னது நடந்ததா இல்லையா என்று கேள்வி வந்தது. கமல் வீடியோவைப் போட்டுக் காட்டினார். அன்றைக்குத் தமிழுக்குப் புது அர்த்தத்தில் ஒரு வார்த்தை கிடைத்தது: குறும்படம். அதற்கப்புறம் ஆபீஸ் சண்டை, மாமியார் சண்டை எல்லாவற்றிலும் 'குறும்படம் போடட்டுமா?' என்பது மிரட்டலாகிவிட்டது. பொய் சொன்னவர் மாட்டிக்கொள்வதைப் பார்க்கும்போது ஒரு திருப்தி வருகிறதே, அது நியாயமான திருப்திதான்.

ஆனால் அந்த வீட்டில் நாளுக்கு 24 மணி நேரம் கேமரா ஓடுகிறது. நமக்குக் காட்டுவது ஒரு மணி நேரம் சொச்சம். அதாவது நூற்றுக்கு நாலு. தணிக்கையில் இதற்கு 'டெஸ்ட் செக்' என்று பெயர். ஆயிரம் வவுச்சரையும் பார்க்க முடியாது, நாற்பதைப் பார்க்கலாம். தப்பில்லை. ஆனால் எந்த நாற்பது என்று ஆடிட்டர்தான் பொறுக்க வேண்டும். கடைக்காரரே பொறுக்கிக் கொடுத்த நாற்பதை வைத்துக் கையெழுத்துப் போட்டால் அதற்குப் பெயர் தணிக்கை இல்லை.

குறும்படம் கடைக்காரர் பொறுக்கிய வவுச்சர். எப்போது போடுவது, யார் விஷயத்தில் போடுவது, எங்கே தொடங்கி எங்கே வெட்டுவது எல்லாம் நிகழ்ச்சிக்காரர் கையில். வீட்டுக்குள் இருப்பவர் 'சார், நேற்று நடந்ததைப் போட்டுக் காட்டுங்க' என்று கெஞ்சலாம். போட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. பிற்பாடு செல்போன் ஆப்பில் 24 மணி நேரமும் காட்டினார்கள். ரசிகர்கள் தாங்களே வெட்டி ஒட்டி எதிர்க் குறும்படம் போட்டார்கள். அதற்கு நேரமும் டேட்டாவும் வேண்டுமே! வாராவாரம் யாருக்கு எத்தனை ஓட்டு என்ற விவரமும் நம் கண்ணில் படுவதில்லை. பொழுதுபோக்குத்தானே, விட்டுவிடலாம் என்பீர்கள். நானும் விட்டுவிடத்தான் இருந்தேன். கேமரா ஏரிக்கரைக்கு வராமல் இருந்திருந்தால்.

நூறு நாள் வேலைச் சட்டம் 2005-ல் வந்தது. 2008-ல் நாட்டின் எல்லா மாவட்டங்களுக்கும் விரிந்தது. நூறு நாள் என்பது ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்கு. அதிலும் ஒரு குடும்பத்துக்கு உண்மையில் கிடைத்தது தேசிய சராசரியாக ஐம்பது நாளை ஒட்டித்தான். பிக் பாஸ் பாஷையில் சொன்னால், பாதியிலேயே எவிக்‌ஷன். 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். நூறு நாளும் முழுக் கூலி கிடைத்தாலும் 33,600. முதல் சீசன் பிக் பாஸ் பரிசு 50 லட்சம். வருஷம் நூறு நாள் மண் சுமந்து அதைச் சம்பாதிக்க 149 வருஷம் ஆகும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். (சொன்னேனே, வியாதி.)

இந்த வேலையில் 2023 ஜனவரி 1 முதல் செல்போன் ஆப் வருகைப்பதிவு கட்டாயமானது. தனிநபர் நிலத்தில் நடக்கிற வேலைகள் தவிர மற்ற எல்லா இடத்திலும் நாளுக்கு இரண்டு தடவை, இடக்குறிப்போடு, ஆட்களை நிறுத்திவைத்துப் படம் பிடித்து ஏற்ற வேண்டும். நோக்கம் நல்லது. வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எடுப்பது இந்தத் திட்டத்தில் பழைய நோய். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆனால் பென்னாகரம் எப்படிப்பட்ட இடம்? ஒரு பக்கம் ஒகேனக்கல்லுக்கு இறங்குகிற காடு. இன்னொரு பக்கம் வட்டுவனஅள்ளி ஊராட்சியின் கோட்டூர் மலை. 2021 சட்டமன்றத் தேர்தலில் அந்த மலைக்கு ஓட்டு மெஷினைக் கழுதை முதுகில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அந்தப் போட்டோவைப் பேப்பரில் பார்த்து 'அடடா, ஜனநாயகம்!' என்று நீங்களும் நானும் ரசித்தோம். ஓட்டு மெஷினைக் கழுதை சுமக்கும். சிக்னலைச் சுமக்குமா? சிக்னல் இல்லாத இடத்தில் படத்தைப் பிடித்துவைத்துப் பிறகு ஏற்றிக்கொள்ள வழி வைத்திருந்தார்கள். ஏறாமலே போனால்? மாவட்ட அளவிலான அதிகாரி விதிவிலக்கு கொடுத்து வருகையைப் பதியலாம். அதாவது ரெஃபரல் உண்டு. ஆனால் 'டி' காட்டுகிற உரிமை மண் சுமந்தவருக்கு இல்லை. பணித்தளப் பொறுப்பாளர் சொல்லி, ஒன்றிய அலுவலகம் சொல்லி, அங்கிருந்து மேலே போக வேண்டும். 336 ரூபாய்க்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறிப் பென்னாகரம் ஒன்றிய அலுவலகத்துக்கு யார் வருவார்? வந்தால் நஷ்டம் இரண்டு நாளாகிவிடும்.

சரி, கேமராவாவது திருடனைப் பிடித்ததா? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள், ஒரே படத்தைப் பல வருகைப் பட்டியல்களுக்குப் போடுகிறார்கள், படத்தில் இருக்கிற தலையும் பட்டியலில் இருக்கிற தலையும் ஒத்துப்போகவில்லை என்று அதில் வரிசையாகச் சொன்னார்கள். பரிகாரமாக, ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் ஆட்களே உட்கார்ந்து சரிபார்க்கச் சொன்னார்கள். மனுஷனைச் சரிபார்க்க மெஷின். மெஷினைச் சரிபார்க்க மறுபடியும் மனுஷன். ஏமாற்றத் தெரிந்தவர் மூன்றே வருஷத்துக்குள் கேமராவைக் கற்றுக்கொண்டுவிட்டார். ஏமாற்றத் தெரியாதவர் சிக்னலுக்காகக் கரை மேல் நின்றார்.

பிக் பாஸ் நமக்குச் சொல்லிக்கொடுத்ததன் பலன் இது என்று நினைக்கிறேன். கேமரா இருந்தால் உண்மை வெளியே வந்துவிடும் என்று வருஷக்கணக்காக ராத்திரியில் பார்த்துப் பார்த்து நம்பிவிட்டோம். ஹாக்கியிலும் கேமராதான் இருக்கிறது. ஆனால் அங்கே உண்மையைக் கொண்டுவருவது லென்ஸ் மட்டும் இல்லை. 'போட்டுக் காட்டு' என்று கேட்கிற உரிமை ஆடுகிறவரிடம் இருக்கிறது. அந்த உரிமை இல்லாத இடத்தில் கேமரா வெறும் மேஸ்திரி.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. நாள் 125 ஆகிறது. செலவில் மாநிலத்தின் பங்கு கூடுகிறது. விதைப்பு, அறுவடைக் காலத்தில் வருஷத்துக்கு 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கலாம். கைரேகை மாதிரியான பயோமெட்ரிக் அடையாளம், செல்போன் கண்காணிப்பு எல்லாம் சட்டத்திலேயே வந்துவிட்டன. நல்லதா கெட்டதா என்று கட்சிகள் சண்டை போடட்டும். என் கேள்வி சின்னது. கண்கள் கூடுகின்றன, சரி. 'டி' காட்டுகிற கை எங்கே?

பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. சாயங்காலம் கலைவதற்கு முன்னால், அன்றைய படத்தில் எத்தனை பேர், பட்டியலில் எத்தனை பேர் என்று கரையில் நின்று உரக்கப் படித்தால் போதும். விட்டுப்போனவர் அங்கேயே கை தூக்கட்டும். அதை எழுதி, ஒரு சீட்டு கிழித்து அவர் கையில் கொடுக்கட்டும். பி.காம். பாஷையில் வவுச்சர். பொய்யாகக் கை தூக்கினால் பக்கத்தில் நிற்கிற நாற்பது பேர் விடுவார்களா? அந்த வீடியோ நடுவர்களுக்குச் சம்பளமே தர வேண்டாம்.

இதைக் கேட்க ஓர் இடமும் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு தமிழ்நாட்டில் 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை. பிக் பாஸில் யாரை அனுப்புவார்கள் என்று சரியாகச் சொல்கிற அந்த அக்காவுக்கு, யார் பெயர் பட்டியலில் இருக்கிறது, யார் ஏரிக்கு வந்ததே இல்லை என்பதும் தெரியும். அடுத்த கிராம சபையில் அவர் எழுந்து, "போன மாசத்துப் படத்தையெல்லாம் இங்க போட்டுக் காட்டுங்க" என்று கேட்டால், நீங்களும் பக்கத்தில் எழுந்து நில்லுங்கள்.